மூலிகையை மதுவில் ஊறவைப்பதா, பாகில் இறக்குவதா?

வீட்டில் காக்டெயில் கலப்பவர்களுக்கு மூலிகை மணத்தைக் கோப்பைக்குள் கொண்டுவர முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. வோட்கா, வெள்ளை ரம் போன்ற மதுவிலேயே இலையையோ வேரையோ ஊறப்போட்டு வடித்தெடுப்பது ஒன்று. அவற்றைச் சர்க்கரைப் பாகில் இறக்கி, அந்தப் பாகைச் சாதாரண மதுவோடு கலப்பது மற்றொன்று. மதுவில் ஊறவைப்பதே தேர்ந்தவர்களின் முறை என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் இராமநாதபுரக் கடற்கரையின் வெயிலையும் உவர்நீரையும் விருந்து வழக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், இங்குள்ள வீடுகளுக்குப் பெரும்பாலும் பாகே பொருந்தும் என்பது என் கருத்து.

மதுவில் ஊறவைப்பதன் பலம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மூலிகைகளின் மணம் பெரும்பாலும் எண்ணெய்த் தன்மையுள்ள சேர்மங்களில் தங்கியிருக்கிறது. அவை நீரில் அரைகுறையாகவும் எத்தனாலில் நன்றாகவும் கரைகின்றன. நம் கடைகளில் விற்கும் வோட்காவிலும் ரம்மிலும் வழக்கமாக உள்ள 42.8 விழுக்காடு எத்தனால் இந்த வேலைக்குப் போதுமானது. நன்னாரியை எடுத்துக்கொண்டால், அதன் தனி மணத்துக்குக் காரணமான சேர்மம் வெனிலாவின் மணச்சேர்மமாகிய வெனிலினுக்கு மிக நெருங்கிய உறவுடையது. அதனால்தான் வேரை நசுக்கியவுடன் இனிப்பான வாசம் எழுகிறது. வேரின் நடுவிலுள்ள கட்டையை நீக்கி, மேல்தோலை மட்டும் நசுக்கி வோட்காவில் போட்டு இரண்டு மூன்று நாள் வைத்தால், எவ்வளவு கொதிக்கவைத்த பாகிலும் கிடைக்காத ஆழம் கிடைக்கிறது. கொதிக்கும்போது மணத்தின் ஒரு பகுதி ஆவியோடு போய்விடுவதே வேறுபாட்டுக்குக் காரணம். வெட்டிவேரும் அப்படியே, ஆனால் மண் போகப் பலமுறை அலசாவிட்டால் மது முழுவதும் சேற்று வாசம் வீசும். சுக்கு, ஏலக்காய், எலுமிச்சைத் தோல் ஆகியவையும் மதுவில் ஊறவே ஏற்றவை.

இலைகளின் கதை வேறு. துளசி, திருநீற்றுப்பச்சிலை, புதினா போன்ற மெல்லிய இலைகளை மதுவில் நெடுநேரம் விட்டால் மணத்தோடு பச்சையமும் கசப்பும் இறங்கிவிடுகின்றன. பார்வைக்கு அழகாக இருந்த பச்சை நிறம் விரைவில் பழுப்பாக மாறிவிடுகிறது. வெப்பம் கூடக் கூட இது விரைவாக நடக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்பில் துளசி இனத்து இலைக்கு ஒரு நாள் என்று இருந்தால், கீழக்கரையில் ஒரு மே மாத மதியத்தில் மூன்று மணி நேரத்திலேயே சுவைத்துப் பார்க்கத் தொடங்க வேண்டும். பாகில் இந்தத் தொல்லை குறைவு. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, இலையைப் போட்டு, மூடி, அரை மணி நேரத்தில் வடித்துவிட்டால் துளசியின் கிராம்பு போன்ற காரமும் எலுமிச்சைப்புல்லின் மணமும் தெளிவாக நிற்கின்றன. அடுப்பில் இலையைக் கொதிக்கவிடுவது மட்டும் கூடாது, அது கஷாயமாகிவிடும்.

இனி, பெரும்பாலானோர் கவனிக்காத ஒரு பிணைப்பைக் கூற வேண்டும். ஊறவைத்த மதுவில் மணத்தைக் கூட்ட வேண்டுமானால் போதையையும் கூட்ட வேண்டியிருக்கிறது. பாகில் மணத்தைக் கூட்டினால் இனிப்பும் சேர்ந்து கூடுகிறது. இனிப்பு மிகுந்தால் எலுமிச்சைச் சாற்றையும் சோடாவையும் சேர்த்து அதைச் சமன் செய்யலாம். போதையைக் குறைக்க நீர் ஊற்றினாலோ மணமும் சேர்ந்தே நீர்த்துவிடுகிறது. அதோடு, இந்தக் கரையின் வீட்டு விருந்தில் எல்லோரும் குடிப்பவர்களாக இருப்பது அரிது. மதுவே தொடாத அண்டை வீட்டாரும், வயதானவர்களும், வண்டி ஓட்டித் திரும்ப வேண்டியவரும் ஒரே முற்றத்தில் அமர்ந்திருப்பார்கள். துளசிப்பாகு ஒன்று தயாராக இருந்தால் எலுமிச்சையும் சோடாவும் நுங்குத் துண்டும் சேர்த்து அவர்கள் எல்லோருக்கும் அதே மணத்தைக் கொடுத்துவிடலாம். ஒரு சிலரின் கோப்பையில் மட்டும் ரம் சேரும். ஊறவைத்த வோட்கா இந்த உபசாரத்துக்கு உதவாது.

கெடாமல் இருப்பதில் மதுவே வெல்கிறது. வடித்து மூடி வெயில் படாமல் வைத்தால் குளிர்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் நிற்கும், மணம் மட்டும் மெல்லக் குறையும். சம அளவுப் பாகு குளிர்பெட்டியில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். வெளியே வைத்தாலோ மின்சாரம் அடிக்கடி போனாலோ சில நாளிலேயே நுரைத்துப் புளித்துவிடும். சர்க்கரையை இரு பங்காக்கினால் அதைவிடக் கூடுதல் நாள் நிற்கும்.

எந்த மது என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. தனக்கென்று மணம் அதிகம் இல்லாததால் வோட்கா முதலிடம். வெள்ளை ரம் அடுத்தது. ஜின்னில் ஏற்கெனவே மூலிகைகள் நிறைந்திருப்பதால் அதில் மேலும் போடுவது கூட்ட நெரிசல். பிராந்திக்குச் சுக்கும் ஏலமும் தவிர வேறெதுவும் ஒட்டாது.

இனிப்பில்தான் இந்த மண்ணுக்குரிய சிக்கல் இருக்கிறது. சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டுக் கருப்பட்டி கையருகே இருக்கும்போது அதைப் பாகாக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் அதன் புகைந்த இனிப்பு துளசியையும் வெட்டிவேரையும் அடியோடு விழுங்கிவிடும். சுக்கும் கறுப்பு ரம்மும் சேரும் கலவையில் கருப்பட்டிக்கு நிகர் கிடையாது. மற்ற இடங்களில் பனங்கற்கண்டோ வெள்ளைச் சர்க்கரையோ போதும். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயையும் சிலர் கேட்பார்கள். மிளகாயின் காரச்சத்து நீரில் கரைவதில்லை, மதுவில் கரையும். ஆகவே அதை மதுவில்தான் போட வேண்டும். விதை நீக்கிய ஒரு மிளகாய் ஒரு குவார்ட்டர் வோட்காவுக்குப் போதும், இருபது நிமிடத்தில் சுவைத்துப் பார்த்து எடுத்துவிட வேண்டும்.

எந்த வழியானாலும் பனிக்கட்டி கெட்டால் எல்லாம் கெட்டது. உவர்க் கிணற்று நீரில் உறையவைத்த கட்டி உருக உருக எலுமிச்சையின் புளிப்பு மழுங்கி, உப்பு நாக்கில் தங்கிவிடும். மீன் இறங்குதளங்களில் கிடைக்கும் கட்டி ஐஸ் மீனுக்கானது. அவசரத்துக்குக்கூட அதைத் தொடக்கூடாது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர் நன்னாரி வோட்கா 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லி, துளசிப்பாகு 15 மில்லி எடுத்து, ஐஸோடு குலுக்கி வடித்து, மேலே சிறிது சோடா ஊற்றலாம். முத்திரையுள்ள கடைச் சரக்கை மட்டுமே பயன்படுத்த வேண்டும். கள்ளச் சரக்கில் இருக்கக்கூடிய நச்சான மெத்தனாலை எந்த மூலிகையும் முறிக்காது, வீட்டில் சாராயம் காய்ச்சுவது சட்டப்படி குற்றம். நன்னாரி ஊறிய வோட்கா சர்பத்தைப் போலவே தோன்றுவதால், குழந்தைகள் உள்ள வீட்டில் அதை வேறு பாட்டிலுக்கு மாற்றாமல், வாங்கிய பாட்டிலிலேயே எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும்.