மார்க்கெட் படுத்த நாட்களில் ஆல்பியன் சரக்கை எங்கே தள்ளுவது?

ஆல்பியன் ஆன்லைன் விளையாட்டில் கிராஃப்டிங்கை, அதாவது பொருள் செய்து விற்பதை, நம்பி இருப்பவர்களுக்கு வருடத்தில் சில முறை இந்த வறட்சி வந்தே தீரும். விலை தினமும் கொஞ்சம் இறங்கும். இறங்கிய விலைக்கும் வாங்க ஆள் வராது. பெங்களூர் தமிழ்ப் பசங்களாகச் சேர்ந்து ஒரு கில்ட் (விளையாட்டுக் குழு) ஓட்டுகிறோம். அல்சூர், எஜிபுரா, ராமமூர்த்தி நகர், பி.டி.எம். லேஅவுட் பி.ஜி.க்கள் என்று ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் கூட்டம். இப்படிப்பட்ட நாட்களில் வாய்ஸ் சாட்டில் சண்டையைப் பற்றிப் பேச்சே எழாது. “மச்சி, உன் ரோப் போச்சா?” “எங்கடா போச்சு, போட்ட இடத்துலயே கிடக்கு.” இதுவேதான் ராத்திரி முழுக்க.

விளையாடாதவர்களுக்கு நாலு வரி. பெர்லினில் இருக்கும் சாண்ட்பாக்ஸ் இன்டராக்டிவ் 2017 ஜூலையில் வெளியிட்ட விளையாட்டு இது. 2021இல் மொபைலுக்கு வந்தது. 2023 மார்ச்சில் ஆசியாவுக்கென்று தனி சர்வர் திறந்தார்கள். வாள், வில், அங்கி, செருப்பு எல்லாமே விளையாடுபவர்கள் கையால் செய்தவை. ஊருக்கு ஊர் தனி மார்க்கெட். லிம்ஹர்ஸ்டில் போட்ட சரக்கு மார்ட்லாக்கில் நிற்பவன் கண்ணில் படாது. விற்காத சரக்கை அடிமட்ட விலைக்காவது எடுத்துக்கொள்ளும் கடையும் கிடையாது. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற வேறொரு விளையாட்டில் ஹை ஆல்கெமி மந்திரத்தைப் போட்டால் பொருளின் கடைவிலையில் 60% காசாகக் கைக்கு வந்துவிடும். அதனால் அங்கே பல பொருட்களுக்கு ஒரு தரைமட்டம் உண்டு. ஆல்பியனில் அந்தத் தரை இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு பிளாக் மார்க்கெட், அதைப் பிறகு சொல்கிறேன்.

விலை ஏன் சரிகிறது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். சீசன் முடிந்து பெரிய கில்டுகள் படுத்துவிட்டன, ஆயுதங்களின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் பேலன்ஸ் மாற்றத்தில் அந்த ஆயுதம் சோடை போய்விட்டது, வேறேதோ புது விளையாட்டு ஆட்களை இழுத்துக்கொண்டது. எல்லாமே உண்மைதான். ஆபத்தான ரெட் ஜோனிலும் பிளாக் ஜோனிலும் ஒருவன் செத்தால் அவன் மேல் இருப்பதில் ஒரு பங்கு அங்கேயே அழிந்துபோகும், மிச்சம் கொன்றவனுக்கு. சண்டை குறைந்தால் அந்த அழிவும் குறைகிறது, மாற்றுச் சரக்கு வாங்க வருபவனும் குறைகிறான். ஆனால் நான் முதல் குற்றவாளியாகச் சொல்வது ஃபோக்கஸைத்தான். பொருள் செய்யும்போது செலவழித்தால் மூலப்பொருளை மிச்சப்படுத்தும் புள்ளி அது. பிரீமியம் சந்தா இருந்தால் தினமும் 10,000 ஃபோக்கஸ் சேரும். 30,000க்கு மேல் நிற்காது. மூன்று நாள் தொடாமல் விட்டால் அப்புறம் வருவதெல்லாம் வீண். “வீணாப் போகுதே” என்ற பதைப்பில் வாங்க நாதியில்லாத வாரத்திலும் எல்லோரும் தைத்துத் தள்ளுகிறார்கள். வாங்குபவன் விடுப்பில் போனாலும் தைப்பவன் போவதில்லை.

ஒரு பொருளை வைத்துக் கணக்குப் போட்டால்தான் வழிகளை ஒப்பிட முடியும். டி6 கிளரிக் ரோப் (ஆறாம் நிலை அங்கி) என்று வைத்துக்கொள்வோம். 16 துணி பிடிக்கும். துணிக்கான நாரை லிம்ஹர்ஸ்டில் துணியாக்கினால் மூலப்பொருள் கூடுதலாக மிச்சம், அந்தத் துணியை ஃபோர்ட் ஸ்டெர்லிங்குக்குக் கொண்டுபோய் அங்கியாகத் தைத்தால் அங்கே கூடுதல் மிச்சம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான் வைக்கும் தொகைகள் இவை: செய்ய ஆன செலவு 40,000 சில்வர் (விளையாட்டுக்குள் ஓடும் காசு), நல்ல நாளில் விலை 50,000, இப்போது 42,000. பிரீமியம் உள்ளவருக்கு விற்பனை வரி 4%, இல்லாதவருக்கு 8%. விற்க ஆர்டர் போட்டாலே செட்டப் கட்டணம் 2.5%, விற்றாலும் விற்காவிட்டாலும் அது போனதுதான்.

எல்லோரும் எடுக்கும் வழி, ஆர்டர் போட்டு ஒரு சில்வர் குறைத்து முன்னால் நிற்பது. 42,000க்குப் போட்டு அதே விலைக்குப் போனால் கட்டணம் 1,050, வரி 1,680 கழிந்து கைக்கு 39,270. செலவில் 730தான் நஷ்டம், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் படுத்த மார்க்கெட்டில் அப்படிப் போவதில்லையே. காலையில் போட்டுவிட்டு மெட்ரோ ஏறி ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் உங்களுக்குக் கீழே பத்துப் பேர் ஒவ்வொரு சில்வராகக் குறைத்து வரிசை கட்டியிருப்பார்கள். ஆர்டர் 30 நாள் வரை உயிரோடு இருக்கும் என்பது உண்மை, ஆனால் அத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை கிடையாது. எடுத்துவிட்டு 41,000க்குப் போடுகிறீர்கள்: மறுபடி 1,025 கட்டணம். இப்போது விற்றால் கைக்கு 37,285. அதுவும் போகாமல் மறுபடி எடுத்து 40,000க்குப் போட்டால் இன்னொரு 1,000, கடைசியில் கைக்கு வருவது 35,325.

இந்த 35,325ஐக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். ஏனென்றால் எல்லோரும் கேவலமாகப் பேசும் இரண்டாவது வழி, அதாவது யாரோ போட்டு வைத்திருக்கும் பை ஆர்டரில் அப்படியே கொட்டிவிடுவது, இதைவிட மேல். பை ஆர்டர் 38,000 என்றால் செட்டப் கட்டணம் இல்லை, வரி 1,520 போக 36,480 அந்த நிமிடமே கையில். ஆர்டர் போட்டு விலையை ஒரு முறை மட்டும் மாற்றி விற்றவன், பை ஆர்டரில் கொட்டியவனைவிட எண்ணூறு சில்வர் முன்னால். இரண்டாம் முறை மாற்றிய நொடியே பின்னால் போய்விட்டான், அதுவும் நாட்கணக்கில் காத்திருந்து. என் கொள்கை இதுதான்: ஆர்டர் போட்டால் ஒரு முறைதான் கை வைப்பேன். இரண்டாவது முறை கை துறுதுறுத்தால் நேராக பை ஆர்டர் பக்கம் போய்விடுவேன். ரூன்ஸ்கேப் பழக்கத்தில் வருபவர்கள் இங்கேதான் அடி வாங்குகிறார்கள். அங்கே கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தையில் ஆர்டரை எத்தனை முறை கலைத்துப் போட்டாலும் காசு கேட்க மாட்டார்கள், விற்றால்தான் வரி. 2021 டிசம்பரில் 1% என்று ஆரம்பித்து 2025இல் 2% ஆக்கினார்கள். அங்கே தட்டுப்பாடு இடத்துக்கு, உறுப்பினருக்கு எட்டு ஆர்டர் கட்டம்தான். இங்கே ஒவ்வொரு கலைப்புக்கும் கப்பம்.

பை ஆர்டரில் கொட்டும் முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, தரம். நார்மல் தரத்துக்குப் போட்ட பை ஆர்டர் அதற்கு மேலான தரத்தையும் அதே விலைக்கு விழுங்கிவிடும். உச்சத் தரமான மாஸ்டர்பீஸ் ஒன்று கூட்டத்தில் கலந்து போயிற்றென்றால் யாரிடமும் போய் அழ முடியாது. இரண்டு, ஊர். ஃபோர்ட் ஸ்டெர்லிங்கில் தைப்பவர்கள் எல்லோரும் ஃபோர்ட் ஸ்டெர்லிங்கிலேயே கொட்டுவதால் அங்கியின் பை ஆர்டர் அங்கேதான் அடிமட்டத்தில் கிடக்கும். ஃபோர்ட் ஸ்டெர்லிங், லிம்ஹர்ஸ்ட் போன்ற ராஜ நகரங்களுக்கு நடுவே ப்ளூ, யெல்லோ ஜோன் வழியாகவே போகலாம், அடிபட்டு விழுந்தாலும் மூட்டை போகாது. அந்தச் சோம்பலை உதறினாலே விலையில் வித்தியாசம் தெரியும்.

இனி பிளாக் மார்க்கெட். கேர்லியன் நகரத்தில் மட்டும் இருக்கும் இது, விளையாடுபவர்களிடமிருந்து ஆயுதமும் அங்கியும் வாங்கும். நமக்கு எதையும் விற்காது. வாங்கியதை அரக்கர்களைக் கொல்பவர்களுக்குக் கிடைக்கும் பரிசாக உலகத்தில் விடும். கேட்ட பொருளை யாரும் கொண்டுவராவிட்டால் அது தரும் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். மனித வியாபாரி மந்தமான வாரத்தில் பின்வாங்குவான், இது பின்வாங்காது. அதனால்தான் ஊர் மார்க்கெட் 42,000 என்று கிடக்கும்போது இங்கே 46,000 தெரிவது சாதாரணம். வரி போக 44,160. செலவுக்கு மேல் லாபம் காட்டும் ஒரே வழி இதுதான்.

பிரச்சினை, கேர்லியனைச் சுற்றி ரெட் ஜோன். மாட்டின் மேல் மூட்டை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போக வேண்டும், செத்தால் மூட்டையும் மாடும் சேர்ந்து போகும். மேப்பில் எத்தனை பகைவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கை காட்டும். பூஜ்யம் என்று பார்த்து உள்ளே போவீர்கள், நடுவழியில் நாலு ஆகும். அந்த நேரம் பி.ஜி. வைஃபையை எட்டுப் பேர் கிரிக்கெட் பார்க்க இழுத்துக்கொண்டிருப்பார்கள். லைன் கட்டானாலும் உங்கள் ஆள் கொஞ்ச நேரம் அங்கேயே சிலை மாதிரி நிற்பான். கொல்ல வருபவனுக்கு அது போதும். ராமமூர்த்தி நகர் தம்பி ஒருத்தன் மொபைல் டேட்டாவில் மட்டும்தான் மூட்டை எடுப்பான். “வீட்டு நெட்டை நம்பி மாட்டை விட மாட்டேண்ணா” என்பான். நியாயமான பயம்.

ஆனால் பயத்தையும் கணக்காக்கலாம். அடுத்துச் சொல்லப்போகும் கில்ட் வழியில் ஒரு ரோபுக்கு 39,000 நிச்சயமாகக் கிடைக்கிறது. பிளாக் மார்க்கெட்டில் 44,160, ஆனால் சில முறை பூஜ்யம். ஒன்பது முறை போய் ஒரு முறை செத்தால் சராசரி 39,250 சொச்சம், இரண்டும் ஏறக்குறைய ஒன்று. எட்டில் ஒன்று என்றாலே கில்ட் வழியைவிடக் கீழே. இதில் மாட்டின் விலையை நான் சேர்க்கவே இல்லை. ஆகவே முன்னால் வழி பார்க்க ஒரு ஆள் இருந்தால், மூட்டை சின்னதாக இருந்தால், பிளாக் மார்க்கெட். தனியாக, மொத்த சரக்கையும் ஒரே மாட்டில் ஏற்றி, ‘இந்த ஒரு முறைதானே’ என்று போவது சூதாட்டம்.

கில்ட் வழி என்பது ரீகியர் பெட்டிக்குக் கொடுப்பது. சண்டையில் செத்தவர்களுக்குத் திரும்ப உடை கொடுக்க ஒவ்வொரு கில்டும் சரக்கு வைத்திருக்கும். எங்களிடம் அந்தப் பொறுப்பு அல்சூர் அண்ணன் ஒருவருடையது. மார்க்கெட்டைவிடக் கொஞ்சம் கீழே கேட்பார், பேரம் பேசினால் கோபம் வராது. நேருக்கு நேர் ட்ரேட் விண்டோவில் கொடுத்தால் வரியும் இல்லை, செட்டப் கட்டணமும் இல்லை. 42,000 ஓடும்போது அவருக்கு 39,000க்குக் கொடுத்தால் முழு 39,000 கையில். முதல் முறை போட்ட விலைக்கே விற்ற அதிர்ஷ்டசாலிக்கு வருவது 39,270. வித்தியாசம் 270 சில்வர், காத்திருப்பு இல்லை. பிரீமியம் இல்லாதவருக்கு இது இன்னும் தூக்கல்: அவர் மார்க்கெட்டில் 42,000க்கு விற்றாலும் 8% வரியும் செட்டப் கட்டணமும் போய்க் கைக்கு 37,590தான்.

இதிலும் ஒரு நிபந்தனை. அண்ணன் தனி ரோபாக எடுக்க மாட்டார். “தம்பி, தொப்பியும் செருப்பும் எங்க? அரை ஆளுக்கா உடை குடுக்கப்போறேன்?” என்று திருப்பி அனுப்புவார். கில்ட் எந்த உடையில் சண்டைக்குப் போகிறதோ அந்த செட் முழுசாக வேண்டும். ஆகவே மந்த நாட்களில் தனக்குப் பிடித்ததைத் தைக்காமல் கில்ட் சாகும் உடையைத் தைக்க வேண்டும். என்னைக் கேட்டால், சின்ன வியாபாரிக்கு மந்தத்தில் இதைவிட நல்ல வழி இல்லை. பெட்டி நிறைந்தால் அவரும் வாங்க மாட்டார் என்பதுதான் குறை.

வைத்திருந்து விலை ஏறியதும் விற்கலாம் என்பவர்களிடம் எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. தைத்து முடித்த உடையை வைத்திருப்பவர், எஸ்.பி. ரோட்டில் புது கிராஃபிக்ஸ் கார்டு இறங்கிய வாரம் பழைய கார்டுகளோடு உட்கார்ந்திருக்கும் கடைக்காரர்தான். ஒரு பேலன்ஸ் மாற்றம் வந்தால் போயிற்று. பெரிய சந்தைகளுக்கும் இதே கதி: 2025 அக்டோபரில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 விளையாட்டில் ஐந்து சிவப்பு ஸ்கின்களை (ஆயுதங்களுக்கான அலங்காரத் தோற்றங்கள்) கொடுத்துக் கத்தியோ கையுறையோ மாற்றிக்கொள்ளலாம் என்று வால்வ் ஒரு அப்டேட் விட்டது. வருடக்கணக்கில் பொத்திப் பொத்தி வைத்த கத்திகளின் விலை ஒரே இரவில் சரிந்தது, சீந்துவாரற்றுக் கிடந்த சிவப்பு ஸ்கின்கள் எகிறின. விதியை எழுதுபவன் கையில்தான் விலை. வைத்தே ஆக வேண்டுமென்றால் துணியாக, பலகையாக, உலோகமாக வையுங்கள். எந்த உடைக்கு மவுசு வந்தாலும் துணி வேண்டும். தேங்கிய உடையை ரிப்பேர் ஸ்டேஷனில் உடைத்துத் துணியாக்கலாம் என்று சிலர் கிளம்புவார்கள். திரும்பி வருவது கொஞ்சூண்டு, அதற்கு பை ஆர்டரே தேவலை.

வெளியே காசுக்கு விற்பது பற்றியும் கேட்கிறார்கள். யாரோ முகம் தெரியாதவன் யூபிஐயில் பணம் அனுப்புகிறேன், சில்வரைக் கொடு என்பான். விளையாட்டின் விதிப்படி அது தடை, அக்கவுண்ட் போய்விடும். வேறு பேச்சில்லை.

மிச்சம் இருப்பது, சரக்கே செய்யாமல் இருப்பது. ஃபோக்கஸ் வீணாகிறதே என்றால், அதைத் தையலில் போடாமல் சுத்திகரிப்பில் போடலாம். சாதாரண ராஜ நகரத்தில் மூலப்பொருளில் 15.2% திரும்பும். நாரை லிம்ஹர்ஸ்டில் துணியாக்கினால் 36.7%. அதோடு ஃபோக்கஸும் போட்டால் 53.9%, பாதிக்கு மேல் மிச்சம். அதே ஃபோக்கஸை ஃபோர்ட் ஸ்டெர்லிங்கில் அங்கி தைக்கச் செலவழித்தால் 47.9%. சதவீதத்தில் பெரிய தூரம் இல்லை, ஆனால் ரோபைப் போல் துணி தேங்குவதில்லை. இன்னமும் பதைப்போடு தைத்துக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் அது வேண்டும், நம்மிடமே வந்து வாங்கிப் போவார்கள். மந்தம் நீடித்தால் அவர்களும் நிறுத்துவார்கள், துணியும் இறங்கும். ஆனால் அது கடைசியில்தான் இறங்கும், அதுவரை வாரத்துக்கு ஒரு தொகை கைக்கு வந்துவிடும். அல்சூர் அண்ணன் இப்போதெல்லாம் ரோபுக்குப் பதில் துணியாகவே கொடுக்கச் சொல்கிறார். எந்த செட் வேண்டுமோ அதை அவரே தைத்துக்கொள்வாராம்.