தசைக்கு மேலா, தசைக்கு அடியிலா: மார்பக இம்பிளாண்ட் இடம் பிசகும் விதங்கள்

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றி நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. திருவனந்தபுரம் போய்ச் செய்துகொண்டு வருபவர்களில் பலர், சிலிக்கோன் பை மார்புத் தசைக்கு மேல் வைக்கப்பட்டதா, அடியில் வைக்கப்பட்டதா என்றுகூடக் கேட்காமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள். பின்னாளில் அந்தப் பை இடம் பிசகினால் எந்த விதத்தில் பிசகும் என்பது பெரும்பாலும் அந்த ஒரு விவரத்தைப் பொறுத்தது.

தசைக்கு மேல், அதாவது பால் சுரப்பித் திசுவுக்கு நேர் பின்னால் வைக்கும் முறையில் தசை வெட்டப்படுவதில்லை என்பதால் வலி குறைவு. கையை எப்படி வீசினாலும் பை அசைவதில்லை. ஆனால் அதன் எடை முழுவதையும் தோலும் சுரப்பித் திசுவும் மட்டுமே தாங்க வேண்டியிருப்பதால், மெலிந்த உடல்வாகு உள்ளவர்களிடம் பையின் விளிம்பு வெளியே தெரியலாம், தோலில் சுருக்கலைகள் தோன்றலாம். உடலுக்குள் எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் அதைச் சுற்றி ஒரு தழும்புறை உருவாவது இயல்பு. அந்த உறை இறுகினால் பை உருண்டு, கெட்டியாகி, மேல்நோக்கி இழுபடும். இந்த இறுக்கம் தசைக்கு மேல் வைத்தவர்களிடம்தான் அதிகம் காணப்பட்டிருக்கிறது. மருத்துவர்கள் இதை 4 நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் மார்பு மென்மையாகவே இருக்கும், நான்காவதில் உருவம் கோணி வலியும் சேர்ந்துகொள்ளும்.

தசைக்கு அடியில் வைப்பதாகச் சொன்னாலும், பெரும்பாலும் பையின் மேல்பாதியைத்தான் தசை மூடியிருக்கும்; கீழ்பாதி சுரப்பித் திசுவின் பின்னால் இருக்கும். விளிம்பு மறைவதும், உறை இறுகும் வாய்ப்பு குறைவதும் இதன் பெரிய ஆதாயங்கள். ஆனால் கையை ஊன்றித் தள்ளும் ஒவ்வொரு முறையும் தசை சுருங்கிப் பையைக் கீழேயும் பக்கவாட்டிலும் நெருக்குகிறது. இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு செவிலியர் உண்டு என்பதால் அவர்களையே எடுத்துக்கொள்வோம்: படுத்திருக்கும் நோயாளியைத் தூக்கிப் புரட்டுவதும் ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் அன்றாட வேலையாக உள்ள ஒருவருக்கு, மார்பு அசைந்து கோணுவது வெளியே தெரியலாம், ஆண்டுகள் செல்லச் செல்ல, மல்லாந்து படுக்கும்போது பை அக்குள் பக்கம் சரியலாம். தசையின் கீழ்ப்பிடிப்பைப் போதுமான அளவு விடுவிக்காவிட்டால் பை மேலேயே நின்றுவிடும். நெஞ்செலும்பு ஓரத்தில் அளவுக்கு மீறி விடுவித்தாலோ, பைகள் அமர்ந்திருக்கும் இரு பக்கத்து அறைகளும் நெருங்கி ஒன்றாகி, நடுவில் உள்ள பள்ளம் மறைந்துபோகும். சரிசெய்ய மிகக் கடினமான பிசகுகளில் இது ஒன்று. தாய்ப்பால் கொடுத்துத் தளர்ந்த மார்பில் வேறொரு சங்கடம் வரும்: பை மேலே நிற்க, சுரப்பித் திசு மட்டும் அதன் முன்னால் வழிந்து தொங்கும்.

இரு முறைகளுக்கும் பொதுவான ஒன்று அடிமடிப்பு தளர்வது. மார்பின் கீழ்மடிப்பு பையின் பாரத்தைத் தாங்காமல் இறங்கினால் பை கீழே போகும், காம்பு மேல்நோக்கித் திரும்பும். பழைய மடிப்பின் கோடு மறையாமல் நின்றால் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு புடைப்புகள் தெரியும். இங்கே மேலா, அடியிலா என்பதைவிடப் பையின் எடையும் அகலமும்தான் முக்கியம் என்பது என் கருத்து. மார்பின் அடியகலத்தை மீறிய பைக்கு எவ்வளவு திறமையான மருத்துவர் இடம் செய்தாலும், அது தன் அறையைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும்.

வட்டப் பை உள்ளே சுழன்றாலும் வெளியே தெரியாது. துளி வடிவப் பை சுழன்றால் மார்பின் உருவமே மாறிவிடும். அப்படிச் சுழலாமல் இருக்கத்தான் அதற்குச் சொரசொரப்பான மேற்பரப்பு கொடுத்தார்கள். ஆனால் அரிதான ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு தெரியவந்ததால், அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகைப் பைகள் 2019 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டன. துளி வடிவத்தை நான் பரிந்துரைக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்து, அறுவை முடிந்த மூன்றாவது வாரமே விமானம் ஏறுபவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. புதிதாக வைத்த பை முதலில் மேலேதான் நிற்கும். படிப்படியாக இறங்கி அமரச் சுமார் மூன்று மாதம் ஆகும், தசைக்கு அடியில் என்றால் இன்னும் கூடலாம். ஆகவே மூன்றாம் வாரத்தில் மேலே நிற்பதைப் பிசகு என்று சொல்லிவிட முடியாது. உண்மையான பிசகு தெரியும் வேளையில் அவர் மருத்துவரின் கண்ணில் படும் தூரத்திலும் இருக்கமாட்டார். திடீர் வீக்கம், சிவப்பு, காய்ச்சல் ஆகியவை மட்டும் எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டியவை.

மறு அறுவையில் தளர்ந்த உறையைத் தைத்துச் சுருக்கலாம், வலை வைத்துத் தாங்கு கொடுக்கலாம், அல்லது பையைத் தசையின் மறுபக்கத்துக்கு மாற்றலாம். தசை அசைவினால் வந்த கோணலுக்குப் பையைத் தசைக்கு மேலே கொண்டுவருவதுதான் நேரடித் தீர்வு. ஆனால் அதை மூடி மறைக்கும் அளவுக்குத் திசு இருந்தாக வேண்டும். கீழே இறங்கிய பையைத் தைத்து உயர்த்தும்போது, அதே எடையுள்ள பையையே திரும்ப வைத்தால் தையலும் மெல்ல இளகக்கூடும் என்பதால், சிறிய பைக்கு மாறச் சம்மதமா என்று மருத்துவர் முதலிலேயே கேட்பார்.