படிவமா, கூட்டமா, தனிப் பேச்சா? பள்ளி வழிபாடு பற்றிப் பெற்றோரிடம் கேட்பது எப்படி

ஸ்காட்லாந்தில் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளை படிக்கும் வீடுகளுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மின்னஞ்சல் வரும். 'நம் பள்ளியின் ரிலிஜியஸ் அப்சர்வன்ஸ் எல்லோருக்கும் பொருந்துகிறதா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.' பள்ளி ஹாலில் மாணவர்கள் ஒன்றுகூடும் வழிபாட்டு நிகழ்வைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கேட்பது நல்லதுதான். எந்த வழியில் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து, வரும் பதிலே மாறிப்போகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லண்டனிலிருந்து இங்கே குடிவந்த நம்மவர்கள் இதைத் தினசரி வழிபாடு என்றே நினைக்கிறார்கள். அது இங்கிலாந்துச் சட்டம். 1988 முதல் அங்கே அரசுப் பள்ளிகளின் அன்றாடக் கூட்டு வழிபாடு பெரும்பாலும் கிறிஸ்தவத் தன்மையோடு இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் அப்படியில்லை. கிறிஸ்துமஸ் போன்ற வழக்கமான விழாக்கள் நீங்கலாக, ஆண்டுக்குக் குறைந்தது ஆறு முறை என்பதுதான் அரசு வழிகாட்டுதல். பல பள்ளிகள் இதை 'டைம் ஃபார் ரிஃப்ளெக்ஷன்', அதாவது சிந்திக்கும் நேரம், என்று அழைக்கின்றன. எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் செவ்வாய்தோறும் வெவ்வேறு சமயத்தவரும் சமயம் சாராதவரும் வந்து நாலு நிமிடம் பேசுவார்களே, அதே பெயர்.

இன்னொன்று. 1980 கல்விச் சட்டப்படி, அந்தப் பகுதி வாக்காளர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி ஒப்புதல் பெறாமல் உள்ளாட்சி நிர்வாகம் இந்த வழக்கத்தை நிறுத்த முடியாது. தலைமையாசிரியரால் எப்படி முடியும்? ஆகவே 'இது வேண்டுமா, வேண்டாமா?' என்று பெற்றோரிடம் கேட்பது, சமைத்து முடித்த பிறகு என்ன சமைக்கலாம் என்று கேட்பது போலத்தான். அந்த ஹாலில் என்ன நடக்க வேண்டும் என்று கேட்டால் மட்டுமே பதிலுக்குப் பயன் உண்டு.

சரி, வழிகளுக்கு வருவோம். எல்லோருக்கும் பிடித்தது ஆன்லைன் படிவம். இரவு வேலைக்குப் போகிறவர் பேருந்தில் உட்கார்ந்தே நிரப்பலாம். ஆங்கிலம் தடுமாறினால் போனிலேயே மொழிபெயர்த்துப் படிக்கலாம். பெயர் போட வேண்டியதில்லை என்பதால் மனத்தில் இருப்பது வெளியே வரும். ஆனால் முடிவு வட்டப்படமாக வந்து நிற்கும்போதுதான் சங்கடம். ஸ்காட்லாந்தின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமயம் இல்லை என்றவர்கள் 36.7 சதவீதம், 2022இல் 51.1 சதவீதம். இப்படிப்பட்ட ஊரில் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மூன்று முஸ்லிம் குடும்பங்களும் இரண்டு இந்துக் குடும்பங்களும் படத்தில் ஒரு மெல்லிய கீற்றுதான். எல்லோரையும் உள்ளடக்குவது பற்றிய கேள்விக்குப் பெரும்பான்மைக் கணக்கைப் பதிலாக எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

படிவம் வந்த வாரம் எங்கள் பகுதித் தமிழ் அம்மா ஒருவர் என்னை அழைத்தார். ஐந்து கேள்விகளும் 'முழுமையாக ஏற்கிறேன்' முதல் 'ஏற்கவேயில்லை' வரை வட்டமிடும் வகை. "அண்ணா, ஹால்ல என் பொண்ணும் கண்ணை மூடிக் கைகூப்பணுமான்னுதான் எனக்குத் தெரியணும். அதை இதுல எங்க கேக்குறது?" எங்கும் கேட்க முடியாது. எழுதுவதற்கு ஒரு பெட்டிகூட அந்தப் படிவத்தில் இல்லை.

மாலைக் கூட்டத்தில் கேட்கலாமே என்றால், ஏழு மணிக்கு ஹாலில் நூறு நாற்காலி போட்டுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதில் பேசியவர்கள் நாலு பேர். இரண்டு பேர் தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகிறவர்கள், இரண்டு பேர் பள்ளியில் சமயமே கூடாது என்பவர்கள். மற்றவர்கள் பிஸ்கட் சாப்பிட்டோம். ஆனாலும் கூட்டத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். எதிரெதிராக நிற்கிறவர்கள் ஒருவர் சொல்வதை மற்றவர் காதால் கேட்கும் ஒரே இடம் அது. 2014இல் ஸ்காட்லாந்து திருச்சபையும் சமயம் சாராதவர்களின் அமைப்பான ஸ்காட்லாந்து மனிதநேயச் சங்கமும் சேர்ந்தே ரிலிஜியஸ் அப்சர்வன்ஸின் பெயரை 'டைம் ஃபார் ரிஃப்ளெக்ஷன்' என்று மாற்றக் கேட்டன. உட்கார்ந்து பேசினால் அந்த அளவுக்குப் போக முடிகிறது.

பெற்றோர் மன்றத்தை மட்டும் கேட்டு முடிப்பது சில பள்ளிகளின் சுலப வழி. 2006 சட்டப்படி மன்றம் எல்லாப் பெற்றோருக்கும் பிரதிநிதிதான். ஆனால் அதில் உட்காருவது பெரும்பாலும் நேரமும் ஆங்கிலமும் கைவசம் உள்ளவர்கள். படிவத்தின் கேள்விகளைச் சரிபார்க்க மன்றம் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

எனக்குப் பிடித்தது தனிப் பேச்சு. ஆசிரியர்களைச் சந்திக்கும் மாலையில் பெற்றோர் எப்படியும் வருகிறார்கள். வாசலருகே ஒரு மேசை, ஒரு ஆசிரியர், ஆளுக்கு ஐந்து நிமிடம். அந்த அம்மாவின் கேள்வி வெளியே வருவது இங்கேதான். நேரம் பிடிக்கும், உண்மை. பெயரும் முகமும் தெரிவதால் சிலர் மழுப்புவார்கள், அதுவும் உண்மை.

எந்த வழியானாலும் ஒரு தகவல் முதலிலேயே இருக்க வேண்டும். பிள்ளையை இதிலிருந்து விலக்கிக்கொள்ள அதே 1980 சட்டம் பெற்றோருக்கு உரிமை தருகிறது. விலகும் பிள்ளைக்குப் பயனுள்ள மாற்று வேலை தரச் சொல்கிறது வழிகாட்டுதல். விலகுவது பற்றிய பேச்சில் பிள்ளையின் கருத்தையும் சேர்க்கச் சொல்கிறது. எங்களுக்கு வந்த மின்னஞ்சலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சொன்னால் எல்லோரும் விலகிவிடுவார்கள் என்ற பயமோ என்னவோ.

என்னைக் கேட்டால், விலகும் உரிமையை மேலே போட்டு, நாலு கேள்வியும் ஒரு காலிப் பெட்டியும் உள்ள படிவத்தை முதலில் அனுப்பலாம். அப்புறம் வாசல் மேசை. கூட்டம் கடைசியில், அதுவும் ஆறு நிகழ்வுகளின் வரைவுப் பட்டியல் கையில் இருந்தால் மட்டும். வெறுங்கையோடு கூட்டம் கூட்டினால் மறுபடியும் அந்த நாலு பேர்தான் பேசுவார்கள்.

அந்த அம்மா கடைசியில் பள்ளி அலுவலகத்துக்கே போய்க் கேட்டார். அடுத்த செய்திமடலில் ஒரு வரி வந்தது: கண்ணை மூட வேண்டியதில்லை, கைகூப்ப வேண்டியதில்லை, அமைதியாக இருந்தால் போதும்.