இழுப்பறையிலிருந்து மேசைக்கு வந்த கடிகாரம்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய சதுரப் பெட்டி. அதன் முகப்பில் 0 முதல் 60 வரை எண்கள். எண்களுக்கு நடுவே ஒரு சிவப்பு வட்டு. நடுவிலுள்ள குமிழைப் பிடித்து, வேண்டிய நிமிடம் வரை இடப்பக்கமாகத் திருப்பினால் அந்த அளவுக்குச் சிவப்பு விரிகிறது. கையை எடுத்ததும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கத் தொடங்கி, பூச்சியத்தைத் தொடும்போது முழுவதும் மறைந்து, ஒரு மணியொலி கேட்கிறது. இப்போது மணி என்ன என்பதை இந்தக் கடிகாரம் சொல்லாது. இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்டுவது மட்டுமே இதன் வேலை.

இந்த வகைக் கடிகாரத்தை முதலில் உருவாக்கியவர் ஜேன் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஓயாமல் கேட்ட தம் சிறுமகளுக்கு விடையைக் கண்ணில் காட்டுவதற்காக அவர் செய்த பொருள், 1990களில் 'டைம் டைமர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பின்னர் வேறு பலரும் இதே முறையில் செய்து விற்கத் தொடங்கினார்கள். என்னிடம் இருப்பது அப்படி வந்தவற்றில் ஒன்று. நான் எழுதப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த வகை முழுவதற்கும் பொருந்தும் என்பதால் அதன் பெயரைச் சொல்லவில்லை.

எனக்கு 37ஆம் வயதில் ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகையியக்கக் குறைபாடு) இருப்பது உறுதியானது. அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, என் உளவியல் ஆலோசகர் சொல்லித்தான் இதை வாங்கினேன். வாங்கச் சொல்வதற்கு முன் அவர் ஒரு பயிற்சி கொடுத்தார்: ஒரு வாரத்துக்கு, எந்த வேலையைத் தொடங்கினாலும் அது எத்தனை நிமிடம் பிடிக்கும் என்று முதலில் நோட்டில் எழுதிவிட்டு, முடித்த பிறகு உண்மையில் ஆன நேரத்தை அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும். குளித்து உடுத்திக் கிளம்புவதற்கு 15 என்று எழுதியிருந்தேன், ஆனது 48. ஒரு மணி நேரத்தை விழுங்கும் என்று நினைத்து மூன்று வாரமாக நாற்காலியில் குவித்து வைத்திருந்த துணிகளை மடித்து முடிக்க ஆன நேரம் 11 நிமிடம். அந்த 11 என்ற எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக அந்த நாற்காலியைக் கடக்கும்போதெல்லாம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். திட்டிய நேரத்தைக் கூட்டினால் துணியைப் பத்து முறை மடித்திருக்கலாம்.

நோட்டில் என்னை அதிகம் உலுக்கியது ஒரு மின்னஞ்சல். 11 நாள்களாகப் பதில் போடாமல் கிடந்த கடிதம் அது. தேவைப்பட்டது இரண்டே வரிப் பதில். மதிப்பீடு 5 நிமிடம், ஆனது 40. அந்த 40 நிமிடத்தில் பதிலை எழுத ஆனது மிகக் குறைவு. மீதி நேரம் முழுவதும் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்திலேயே போயிற்று. "தாமதத்திற்கு மன்னிக்கவும்" என்று எழுதினேன், போதாது என்று தோன்றியது. உடல்நிலை சரியில்லை என்று சேர்த்தேன், பொய் என்று அழித்தேன். வேலைப்பளு என்று எழுதினேன், அதையும் அழித்தேன். நேரம் என் கையில் நிற்காததற்குக் கவனச் சிதறல் மட்டுமே காரணம் என்று அதுவரை நம்பியிருந்தேன். வெட்கமும் அதே அளவுக்கு நேரத்தைத் தின்கிறது என்பதை அந்த நோட்டுதான் எனக்குக் காட்டியது.

ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் தெரியும்; தெரிந்ததை உரிய நேரத்தில் செய்யவைக்கும் தன்னொழுங்கில்தான் இடர் இருக்கிறது என்று ரஸல் பார்க்லி போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறார்கள். மற்றவர்களுக்கு மனத்துக்குள்ளேயே ஓடும் காலக்கணக்கை நம்மைப் போன்றவர்கள் வெளியே கொண்டுவந்து, வேலை நடக்கும் இடத்திலேயே, கண்ணில் படும்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் தரும் வழி. சிவப்பு வட்டு செய்வது இதைத்தான். இலக்கக் கடிகாரத்தில் 10:40 என்று பார்த்தால், 11:15க்கு இன்னும் எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கின் நடுவிலேயே என் மனம் வேறெங்கோ போய்விடும். சிவப்பு பாதியாகக் குறைந்திருப்பதைப் பார்ப்பதற்குக் கணக்கே தேவையில்லை.

ஆனாலும் முதல் ஆறு வாரங்கள் இந்தக் கடிகாரம் எனக்குச் சிறிதும் பயன்படவில்லை. குறை கடிகாரத்தில் இல்லை. அது வந்த பெட்டியின்மேல் சிரித்த முகத்துடன் இரண்டு குழந்தைகளின் படம் இருந்தது. அலுவலகத்தில் ஒரு குழுவையே நடத்தும் பொறுப்பில் இருக்கும் நான், பாலர் வகுப்புக்குச் செய்த பொருளை மேசையில் வைத்துக்கொள்வதா என்று கூசிப்போய் இழுப்பறைக்குள் வைத்தேன். யாரும் இல்லாத நேரத்தில் இழுப்பறையை இரண்டு விரற்கடை திறந்து பார்ப்பேன். காலடிச் சத்தம் கேட்டால் மூடிவிடுவேன். கண்ணில் படுவதால் மட்டுமே வேலை செய்யும் ஒரு கருவியைக் கண்ணில் படாமல் வைத்திருந்தேன்.

இந்தக் கூச்சம் கடிகாரத்தோடு வந்ததில்லை. "கெட்டிக்காரப் பிள்ளை, மனசு வைத்தால் எங்கேயோ போய்விடும்" என்று ஆசிரியர்கள் பாராட்டாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அதையே கேட்டு வளரும் குழந்தை, தான் மனசு வைக்காத பிள்ளை என்று முடிவு கட்டிவிடுகிறது. மனசு வைத்துப் பார்த்து, அப்போதும் முடியாமல் போனதை யாரிடம் சொல்வது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. 1902இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் மருத்துவர்கள் முன் ஆற்றிய உரைகளில், இன்று ஏடிஎச்டி என்று அறியப்படும் நிலையை ஒத்த குழந்தைகளைப் பற்றிப் பேசினார். அவர்களுடைய அறிவில் குறையில்லை என்று கண்ட அவரே, அந்த நிலையை 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு' என்று வருணித்தார். அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் 1968இல் மிகையியக்கம் என்றும், 1980இல் கவனக்குறைவு என்றும் பெயர் மாறியது. பெரியவர்களுக்கென்று தனி வரம்பு வைத்து, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, ஐந்து அறிகுறிகள் போதும் என்று அதே கையேடு சொன்னது 2013இல். புத்தகத்தில் இத்தனை மாற்றங்கள் வந்த பிறகும் நம்முடைய வீடுகளிலும் வகுப்பறைகளிலும் 1902தான் நீடிக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஏடிஎச்டியில் மரபணுக்களின் பங்கை ஏறத்தாழ 74 சதவீதம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதைப் படித்த இரவு என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். பாதி எழுதிய கடிதங்கள், பாதி பழுதுபார்த்த வானொலிப் பெட்டி, வாழ்நாள் முழுவதும் அவர் கேட்ட வசைகள். அவருக்கு இருந்ததா என்று இனிக் கண்டறிய வழியில்லை. ஆனால் அன்றுவரை அவர்மீது எனக்கிருந்த ஒரு கோபம் அன்றிரவே கரைந்தது. மறுநாள் காலை கடிகாரத்தை இழுப்பறையிலிருந்து எடுத்தேன்.

வாரந்தோறும் நான் நடத்தும் 40 நிமிடக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோனேன். என் கூட்டங்கள் ஒருபோதும் 40 நிமிடத்தில் முடிந்ததில்லை. நானே பேசிக்கொண்டு போய்விடுவேன். வட்டைத் திருப்பி வைத்தபோது எதிரில் இருந்தவர், "என்னங்க இது, நல்லா இருக்கே?" என்று கேட்டார். நான்கு விதமான பதில்கள் தயாராக இருந்தன, எல்லாம் பொய்கள். "எனக்கு ஏடிஎச்டி இருக்கு. நேரம் போறது எனக்கு உள்ளுக்குள்ள தெரியாது, அதனால முன்னால வச்சுக்கறேன்" என்றேன். ஒரு கணம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் கை நீட்டிக் கடிகாரத்தைச் சற்றுத் திருப்பி, "இப்படி வைங்க, எங்களுக்கும் தெரியட்டும்" என்றார். சிவப்பில் மெல்லிய கீற்று மிச்சம் இருந்தபோதே அன்றைய கூட்டம் முடிந்தது.

எல்லா இடத்திலும் இதே வரவேற்பு கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். உறவினர் ஒருவர் "இதெல்லாம் இப்ப வந்த ஃபேஷன்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். சொல்வதா வேண்டாமா, யாரிடம், எப்போது என்பதெல்லாம் அவரவர் உரிமை. பணிக்கு ஆபத்து வரும் இடத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதில் தவறேதுமில்லை. கடிகாரத்தை மேசைமேல் வைப்பதற்கு விளக்கம் எதுவும் தேவையில்லை.

இனிக் கடிகாரத்தின் செயல்திறன் பற்றி. இதன் மிகப் பெரிய பயன், தொடங்குவதில். நாள்கணக்கில் தள்ளிப்போட்ட வேலைக்கு 10 நிமிடம் மட்டும் வைத்து, சிவப்பு தீர்ந்ததும் எழுந்துவிடலாம் என்று எனக்கே அனுமதி கொடுத்துக்கொள்கிறேன். முடிவு கண்ணுக்குத் தெரிவதால் உட்கார முடிகிறது. உட்கார்ந்த பிறகு பெரும்பாலும் எழுவதில்லை. அடுத்த பயன், கிளம்புவதில். என் மகளுக்கு 9 வயது. முன்பெல்லாம் வாசலில் நின்று "அம்மா, லேட்டாகுது!" என்று அழும் நிலைக்குப் போய்விடுவாள், நான் கத்துவேன், அன்று முழுவதும் அந்தக் கத்தல் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கும். இப்போது கூடத்தில் இருந்தபடியே "அம்மா, சிவப்பு கொஞ்சந்தான் இருக்கு" என்கிறாள். செய்தி அதுவே, ஆனால் எங்கள் இருவரில் யாரும் குற்றவாளி ஆவதில்லை.

குறைகளும் உண்டு. முதலாவது மணியொலி: கூர்மையான, திடுக்கிட வைக்கும் ஓசை. ஒலியைக் குறைக்க என் கருவியில் வழியில்லை. முற்றிலும் நிறுத்தும் பொத்தான் மட்டும் இருக்கிறது. ஒலிக்குக் கூசும் காது உள்ளவர்கள் ஒலியளவை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. நிறுத்தி வைத்தாலோ, ஒரு வேலையில் ஆழ்ந்து மூழ்கிய நேரத்தில் சிவப்பு தீர்ந்தது கூடத் தெரியாமல் ஒரு மணி நேரம் கடந்துவிடுகிறது. அந்த ஆழ்ந்த மூழ்கலும் ஏடிஎச்டியின் முகம்தான். அதற்கு இந்தக் கடிகாரம் போதாது, யாராவது தோளைத் தொட வேண்டும். வட்டைத் தவறான திசையில் பலமாகத் திருப்பினால் உள்ளே ஏதோ நெரியும் ஓசை கேட்கிறது. குறைந்த நிமிடங்களுக்குத் துல்லியம் போதாது: 5 நிமிடம் வைத்தால் சில வேளை ஒரு நிமிடம் வரை முன்பின்னாகிறது.

மூன்றாவது மாதத்தில் வந்தது இவற்றைவிடப் பெரிய சோதனை. கடிகாரம் என் கண்ணுக்குப் பழகிப்போய், சுவரோடு சுவராகிவிட்டது. புதுமை தேயத் தேய நம் மூளை பொருள்களைக் கைவிடும். முன்பானால் "இதையும் விட்டுவிட்டாய்" என்று என்னை நானே குத்திக்கொண்டு, இன்னொரு தோல்வியாகக் கணக்கெழுதியிருப்பேன். ஆலோசகர் சொன்னபடி அதை மூன்று வாரம் அலமாரியில் வைத்துவிட்டு, பிறகு வேறோர் இடத்தில், மேசையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றி வைத்தேன். மறுபடியும் கண்ணில் பட்டது. அதன்பின் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவது என்பதைப் பயன்பாட்டு முறையாகவே வைத்திருக்கிறேன்.

சுருங்கும் சிவப்பைப் பார்த்தால் சிலருக்குப் படபடப்பு வரும். என் தோழி ஒருவருக்கு வந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு நிற வட்டுகளும் கிடைக்கின்றன. இது சிகிச்சைக்கு மாற்றாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் மருத்துவர் மேற்பார்வையில் மெத்தில்ஃபெனிடேட் என்ற ஏடிஎச்டி மருந்தை எடுத்துக்கொள்கிறேன். தொடங்கிய வேலையில் நிலைத்திருக்க மாத்திரை எனக்கு உதவுகிறது, ஆனால் எவ்வளவு நேரமாயிற்று என்பதை அது சொல்வதில்லை. ஏடிஎச்டி இருக்குமோ என்ற ஐயம் மட்டும் உள்ளவர்கள் கடிகாரம் வாங்குவதற்கு முன் உளமருத்துவரைப் பார்ப்பதே முறை.

கைபேசிச் செயலியே போதாதா என்று பலர் கேட்கிறார்கள். எனக்குப் போதவில்லை. நேரத்தைப் பார்க்கக் கைபேசியை எடுத்தால் அங்கே இருபது அழைப்புகள் காத்திருக்கின்றன. வாங்குவதாக முடிவு செய்தால், அறையின் எதிர்ச் சுவரிலிருந்து பார்த்தாலும் சிவப்பு தெரியும் அளவில் வாங்குங்கள். சட்டைப்பைக்குள் அடங்கும் சிறியவை மறைத்து வைக்கத்தான் வசதியானவை. பேட்டரி பெரும்பாலும் கூடவே வராது. அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். என்னுடையது பேட்டரி இல்லாமல் 9 நாள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நம்மைப் போன்றவர்கள் ஒரு பொருளை மறந்துபோக அந்த இடைவெளியே போதும்.