தில்லை நகரில் நின்றபடி ஓர் எக்ஸ்ரே

திருச்சியில் எந்த டெஸ்ட்டையும் உடனே எடுத்துவிடலாம் என்பது என் பழைய நம்பிக்கை. தில்லை நகருக்குள் நுழைந்தால் ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று போர்டு தொங்கும். காலையில் கொடுத்தால் சாயங்காலம் ரிப்போர்ட் கையில். இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரு எக்ஸ்ரேவுக்குத் தேதி கேட்டுவிட்டுக் கடிதம் வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு, இந்த முறை ஊருக்கு வரும்போது அம்மாவைப் பார்ப்பதோடு இன்னொரு வேலையும் இருந்தது.

என் வலது குதிகால். வீட்டுக் கூரையோரக் குழாயில் அடைத்திருந்த இலையை அள்ள ஏணியில் ஏறி, நின்றவாக்கில் விழுந்தேன். உயரத்திலிருந்து அப்படி விழுகிறவர்களுக்கு இந்த எலும்புதான் நொறுங்குமாம். சிலருக்கு முதுகெலும்பும் சேர்ந்து போகும் என்று முதுகையும் படம் எடுத்துப் பார்த்தார்கள், நல்லவேளை தப்பித்தது. பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து ஆபரேஷன் முடிந்து, எலும்பும் கூடிவிட்டது. சமதளத்தில் நடந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. புல்தரை, ஜல்லி, சரிவு என்றால்தான் ஆட்டம். "உங்க குதிகால் உள்பக்கமா சாஞ்சிருக்கு" என்று மனைவி பின்னாலிருந்து பார்த்துச் சொன்னாள். ஷூவிலும் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. லெஸ்டரில் இதைச் சொன்னபோது, எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்று சிரித்த முகத்தோடு ஒரு பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

திருச்சியில் மாமா பையன் கூட்டிப்போன எலும்பு டாக்டர் பேண்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டச் சொல்லி, வராந்தாவில் வெறுங்காலோடு போகவும் வரவும் நடக்கவிட்டார். பின்னால் நின்று பார்த்தார். சாதாரணமாகக் குதிகால் வெளிப்பக்கமாக ஒரு ஐந்து டிகிரி போலச் சாய்ந்திருக்கும், அதுதான் சரி என்றார். உள்பக்கம் சாய்ந்தால் பாதத்தின் நடு மூட்டுகள் பூட்டிக்கொண்டு பாதம் விறைத்துவிடும், எடை முழுக்க வெளி ஓரத்தில் இறங்கும். மேடு பள்ளத்துக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கிற மூட்டு குதிகாலுக்கு மேலே இருக்கிறது. எலும்பு உடையும்போது அதுவும் அடிபட்டு இறுகிப்போகும். "ரெண்டும் சேர்ந்தா பேலன்ஸ் எங்கேயிருந்து வரும்?" என்று கேட்டுக்கொண்டே சீட்டில் எழுதினார்: ஸ்டாண்டிங், ஹைண்ட்ஃபுட் அலைன்மென்ட் வியூ, இரண்டு காலும். அதாவது, நின்றபடி குதிகாலின் சாய்வைக் காட்டுகிற படம்.

அந்தச் சீட்டோடு போன இடத்தில்தான் என் அரை நாள் போனது.

வாசலிலேயே 'செருப்பை வெளியே விடவும்'. லெஸ்டரில் காசு கொடுத்துச் செய்த இன்சோல் ஷூவோடு வெளியே போய்விட்டது. வழுவழு டைல்ஸில் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனேன். டோக்கன், பணம், பெயர் கூப்பிடுவது எல்லாம் மளமளவென்று நடந்தது. உள்ளே இருந்த பையன் சீட்டைப் பார்க்காமலே மேஜையைக் காட்டி, "படுங்க சார்" என்றான்.

"தம்பி, நின்னுக்கிட்டு எடுக்கணும்னு எழுதியிருக்கு."

"கால் எக்ஸ்ரேன்னா படுத்துதான் சார். நாங்க எல்லாருக்கும் அப்படித்தான் எடுக்கிறோம்."

"நின்னாதானே எடை விழும். எடை விழுந்தாதானே கோணல் தெரியும்."

"எலும்பு எலும்புதானே சார். நின்னா என்ன, படுத்தா என்ன?"

பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்று என்னைப் படுக்கவைத்து ரெண்டு படம் எடுத்தே விட்டான். ரிசப்ஷனில் போய்க் கேட்டால், "டாக்டர்கிட்ட பேசிட்டு வாங்க சார்." டாக்டர் ஓ.பி.யில் இருந்தார், போனை எடுக்கவில்லை. லெஸ்டரில் எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்க வேண்டும், வாஸ்தவம்தான். ஆனால் சீட்டில் எழுதியிருப்பதைப் படிப்பார்கள். இங்கே உடனே எடுத்துவிடுகிறார்கள், எதை என்பதுதான் கேள்வி. நான் குரலை உயர்த்தினேன். "அத்தான், விடுங்க, வேற இடத்துக்குப் போவோம்" என்று மாமா பையன் கையைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. பக்கத்தில் கர்ச்சீப்பால் கட்டிய கையோடு உட்கார்ந்திருந்த பெரியவர், வெளிநாட்டிலிருந்து வந்தால் இப்படித்தான் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

சாப்பிட்டுவிட்டு வந்த மூத்த டெக்னீஷியன்தான் பிரச்சினையைத் தீர்த்தார். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றவராம். சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "இது பின்னாலேர்ந்து எடுக்கிறது. குழாயை இருபது டிகிரி கீழ பாத்து சாய்க்கணும், ஃபிலிம் கேசட்டையும் அதே அளவு சாய்க்கணும், ஆள் உசரத்துல நிக்கணும்" என்று பையனுக்குச் சொன்னார். மேஜையில் ஏறுவதற்கு வைத்திருந்த இரும்புப் படியில் என்னை ஏற்றினார்கள். படம் வந்தது. குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் படியின் சட்டம் பட்டையாக வெள்ளைக் கோடு போட்டிருந்தது! "மரம் வேணும்" என்றார். ஆயா அக்கா உள்ளே போய், டீ கேன் வைத்திருந்த மர ஸ்டூலைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

நிலத்திலேயே ஆடுகிறவனை அந்த ஸ்டூலில் ஏற்றி, "ஆடாம நில்லுங்க" என்றால் எப்படி நிற்பேன்? பிடித்துக்கொள்ள எதாவது கொடுங்கள் என்றேன். சலைன் ஸ்டாண்டு வந்தது, சக்கரம் வைத்தது. நான் சாய்ந்த பக்கம் அதுவும் நகர்ந்தது. கடைசியில் மூத்த டெக்னீஷியனே சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்தார். கேசட் என் விரல் நுனியைத் தொட்டபடி சாய்ந்து நின்றது. எல்லாரும் வெளியே ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். 'டக்'. இரண்டு குதிகாலும் சுத்தமாக விழுந்திருந்தன. கூடுதல் படத்துக்குக் காசு வாங்கவில்லை. வெளியே வரும்போது பையன், "சாரி சார், இந்த வியூ இதுதான் முதல் தடவை" என்று ஷூவை எடுத்துக் கொடுத்தான். அதற்கப்புறம் அவன்மேல் கோபமாக இருக்க முடியவில்லை. ரிப்போர்ட்டில் மட்டும் 'பிளேட், ஸ்க்ரூ உள்ளன' என்று ஒரு வரி. அது எனக்கே தெரியும்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரிக்கவே இல்லை. ஃபிலிமை வெளிச்சத்தில் மாட்டி, பென்சிலால் முழங்காலுக்குக் கீழே உள்ள நீள எலும்பின் நடுவிலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். இடது குதிகாலின் அடிமுனை கிட்டத்தட்ட கோட்டிலேயே இருந்தது. வலது நன்றாக உள்ளே தள்ளியிருந்தது. மூட்டு கொஞ்சம் அசைகிறது, அதனால் வெளிப்பக்கத்தில் ஆப்பு வைத்துச் செருப்புப் போட்டுப் பார்க்கலாம், கேட்காவிட்டால்தான் எலும்பை வெட்டி நகர்த்துகிற பேச்சு என்றார். கோணத்தைக் கண்ணால் பார்த்ததே எனக்குப் பாதி நிம்மதி.

பிசியோதெரபி பெண் என்னை "அங்கிள்" என்றாள். லெஸ்டரில் எழுபது வயதுக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இங்கே ஐம்பதிலேயே அங்கிள். "ஒத்தைக்கால்ல நில்லுங்க அங்கிள். இப்ப கண்ணை மூடுங்க" என்றாள். மூடிய உடனே சாய்ந்து அவள் தோளைப் பிடித்தேன். குதிகால் மூட்டிலிருந்து மூளைக்குப் போகிற சேதி குறைந்துவிட்டது, இவ்வளவு நாளும் அதைக் கண்தான் ஈடுகட்டியிருக்கிறது என்றாள். லெஸ்டர் தாளிலும் இதே பயிற்சி இருந்தது. நின்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்புக் கடையில் இன்னொரு நல்ல அனுபவம். அந்த ரப்பரையே வேலூர்ப் பக்கம் தொழுநோயாளிகளின் உணர்ச்சியற்ற பாதத்துக்காகத்தான் கொண்டுவந்தார்கள், அங்கே தொழுநோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் பால் பிராண்ட் காலத்து வேலை. இப்போது சர்க்கரைக்காரர்கள், குதிகால் வலிக்காரர்கள் எல்லாரும் போடுகிறார்கள். கடைக்காரர் டாக்டரின் குறிப்பைப் பார்த்து, வலது செருப்பின் குதிகாலில் வெளி ஓரமாக ஆப்புச் சீவி ஒட்டி, நடக்கவிட்டு, மறுபடி கொஞ்சம் சீவினார். டீ குடிக்கிற நேரம்தான். லெஸ்டரில் இதற்கும் ஒரு கடிதம் வர வேண்டும்.

ஆனால் செருப்பை எங்கே போடுவது? கோயிலில் முடியாது. ஸ்ரீரங்கத்தில் ஆயிரங்கால் மண்டபம் பக்கத்து மணல்வெளியில் சின்ன வயதில் ஓடிப் பிடித்து விளையாடியிருக்கிறேன். இப்போது மாமா பையன் தோளைப் பிடித்துக் கடந்தேன். வீட்டுக்குள்ளும் அம்மா விட மாட்டார். கேட்டால், அவர் காலில் கிடப்பது அதே எம்.சி.ஆர்., வீட்டுக்குள் போடுவது! "இது தெருவைப் பாக்காத செருப்புடா." அதனால் இன்னொரு ஜோடி, இன்னொரு ஆப்பு.

"அப்பவே புத்தூர்ல கட்டுப் போட்டிருந்தா இந்த ஆணியெல்லாம் எதுக்கு?" என்பது அம்மாவின் தினசரிப் பேச்சு. நொறுங்கி இறங்கிய மூட்டைக் கட்டு தூக்கி நிறுத்தாது என்று சொல்லிப் பார்த்தேன். பிரிட்டனில் 22 ஆஸ்பத்திரிகளில் 151 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி, ரெண்டு வருஷம் கழித்து ஆபரேஷன் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வலியிலோ நடையிலோ பெரிய வித்தியாசமில்லை என்று 2014இல் எழுதிவிட்டார்கள். ரொம்பக் கோணிப்போன குதிகால்களை அதில் சேர்க்கவில்லை என்பது வேறு. அம்மாவிடம் இதைச் சொல்லவே இல்லை, சொன்னால் முதல் பாதியோடு எழுந்து போய்விடுவார்.

குதிகால் பிரச்சினையோடு ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. ஃபிலிம் பெட்டிக்குள் அடங்காது, வளைத்தால் மடிப்பு விழும், அங்கே ஃபிலிமை வாங்கிப் பார்க்கவும் ஆள் இல்லை. சிடியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கேட்டால்தான் தருகிறார்கள்.