சேலம் கடைவீதியில் வாங்கிய நீர்ப்பிரமிப் பொடி

மறதிக்கும் மந்தத்துக்கும் என்று அம்மா கேட்டதும், சின்னக் கடைவீதி நாட்டு மருந்துக் கடைக்காரர் வல்லாரையையும் நீர்ப்பிரமியையும் தனித்தனித் தட்டில் பரப்பி, அகன்ற இலை வல்லாரை, தடித்த சிற்றிலை நீர்ப்பிரமி என்று காட்டிய பிறகே நீர்ப்பிரமிப் பொடியை எடை போட்டார். இரண்டையும் ஒன்றென்று விற்போர் நடுவே இந்த நேர்மை பெரிது. நீர்ப்பிரமியில் உள்ள பேக்கோசைடுகள் என்னும் வேதிப்பொருள்கள் நினைவாற்றலுக்குச் சற்று உதவுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன என்றாலும், அவற்றில் பல ஏறத்தாழ 12 வாரம் சாரத்தைத் தொடர்ந்து உட்கொண்டவர்களிடம் நடந்தவை. ஆகவே நாலு நாளில் தெளிவை எதிர்பார்க்க வேண்டாம். வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டும் என்று அவரே எச்சரித்தார். ரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் இதே மந்தத்தைத் தரும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பொட்டலத்தில் அரைத்த தேதி இல்லாதது பெருங்குறை. அதை அவசியம் கேட்டு வாங்குங்கள்.