சர்க்கரைக்காரர் காலுக்கு எது: எம்.சி.ஆர். செருப்பா, ஷூவா?

கடையில் எல்லாரும் முதலில் செய்வது, செருப்பைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது. மெத்தென்று உள்ளே போனால் ‘சர்க்கரைக்கு நல்லது’ என்று முடிவு. ‘ஆர்த்தோ’ என்று போட்டு விற்கும் ஸ்லிப்பர்களில் பல இந்த ஒரு அமுக்கலை நம்பியே பிழைக்கின்றன. உடம்பு எடை ஏறியதும் மலிவான நுரை நசுங்கிவிடும். பிறகு குதிகாலுக்குத் தரைதான். பலவற்றில் விரலிடுக்கு வார் வேறு. சர்க்கரையால் உணர்ச்சி குறைந்து மரத்துப்போன காலில் அந்த வார் தோலை அறுத்தாலும் தெரியாது, செருப்பே கழன்றாலும் தெரியாது. உணர்ச்சி குறையாத கால் என்றால் சரி, போட்டுக்கொள்ளட்டும்.

எம்.சி.ஆர். என்கிற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பின் கதை வேறு. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதத்தில் புண் வருவது சதை தானாக அழுகுவதால் அல்ல, வலி தெரியாமல் அதே இடத்தை அழுத்தி அழுத்தி நடப்பதால் என்று காட்டினார். அங்கே வளர்ந்த பாதப் பராமரிப்பு முறைகள்தான் பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கும் வந்தன. நல்ல எம்.சி.ஆர். செருப்பு இரண்டு அடுக்கு. மேலே கால் படுவது அமுங்கி மீளும் ரப்பர். கீழே முள்ளோ ஆணியோ ஏறாத கெட்டியான அடி. ஆணி அடித்திருக்கக் கூடாது, ஒட்டியோ தைத்தோ இருக்க வேண்டும். மேலே வெல்க்ரோ பட்டைகள், பின்னால் குதிகால் வார். பார்க்க அழகாக இருக்காது. கல்யாண வீட்டுக்கு இதைப் போட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அத்தைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

ஸ்போர்ட்ஸ் ஷூ இதற்கு நேர் போட்டி. விரல் பகுதி அகலமாக, லேஸ் வைத்ததாக இருந்தால் வாக்கிங் போகிறவருக்கு அருமை. விரல் நுனி கல்லில் இடிபடாது. செருப்பு தராத பாதுகாப்பு அது. ஆனால் நம் வெயிலில் சாக்ஸ் நனைந்து விரலிடுக்கு ஊறிப்போகும். உள்ளே கிடக்கும் சிறு கல் நாள் முழுக்கக் குத்தினாலும் மரத்த கால் சொல்லாது. அதனால் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

விரல்கள் கொக்கிபோல் மடங்கியவர்கள், ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்கள், விரல் எடுத்தவர்கள் இந்தப் போட்டிக்கே வர வேண்டாம். அவர்களுக்கு ஆழம் கூடிய ஷூ, பாத அச்சுக்கு வார்த்து ஷூவுக்குள் வைக்கும் இன்சோல், தேவைப்பட்டால் முன்பக்கம் வளைந்து மேலேறும் ராக்கர் அடி. இந்த வளைவு முன்பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும். தள்ளாடி நடப்பவருக்கு மட்டும் யோசித்துத்தான் கொடுப்பார்கள். விலை ஆயிரங்களில் போகும். திறந்த புண் இருந்தால் கடைக்கே போகக் கூடாது, டாக்டரிடம் போக வேண்டும். அதற்கு மாவுக்கட்டு மாதிரியான தனி வைத்தியம் உண்டு.

என் ஓட்டு, கால் மரத்தும் வடிவம் கெடாதவருக்கு, எம்.சி.ஆர். செருப்புக்கே. காரணம் வீடு. சமையலறை, பாத்ரூம், மொட்டை மாடி என்று நாளில் பாதி நடை வாசற்படிக்கு உள்ளேதான். அங்கே யார் ஷூ மாட்டுவார்கள்? வெளியே போட ஒரு ஜோடி, வீட்டுக்கென்று கழுவி வைத்த ஒரு ஜோடி என்று வாங்கினால் பெரியவர்களும் மறுப்பதில்லை.

வாங்குவது சாயங்காலமாக இருக்கட்டும், கால் லேசாக வீங்கியிருக்கும். பேப்பரில் நின்று பாதத்தை வரைந்து, வெட்டி எடுத்துப் போங்கள். செருப்பின் மேல் வைத்தால் ஓரம் எங்கும் பிதுங்கக் கூடாது, விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது மிஞ்ச வேண்டும். அப்புறம், பெருவிரலுக்கு அடியில் ரப்பர் குழிந்து மீளாமல் நின்றுவிட்டால், வார் புதுசு போல் இருந்தாலும் அந்த ஜோடியை மாற்றிவிடுங்கள்.